பேட்டைக்கு ஒரு மேடை: சென்னையின் கலைஞர்களை ஊரறியச் செய்வது எப்படி

2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் வலையமைப்பில் சென்னையை இசைக்கான நகரமாகச் சேர்த்துக்கொண்டது. செய்தி வந்தபோது பலருக்கும் மார்கழி சபாக்கள்தான் நினைவுக்கு வந்தன. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்த மியூசிக் அகாதெமி, 1943-இல் தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டும் என்று எழுந்த தமிழ் இசைச் சங்கம் என்று அது பெரிய வரலாறு. அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் பெரம்பூர்க்காரி. என் காதில் விழுந்து வளர்ந்த சென்னை இசையில் புளியந்தோப்புக் கானாவும், வியாசர்பாடிப் பறையும், ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியர்கள் வாசித்த கிதாரும், ஆடி மாதத்து அம்மன் கோயில் உடுக்கையும் சேர்ந்தே இருந்தன.

பகலில் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வடசென்னையில் சின்னச் சின்னக் கலை நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்கிறேன். "எங்க ஏரியாலயும் ஒண்ணு நடத்தணும்க்கா, எங்கருந்து ஆரம்பிக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த நகரத்தின் கலையை வளர்க்க ஆசைப்படுகிறவர் யாராக இருந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் பேட்டையில் குடியிருக்கும் கலைஞருக்கு, அந்தப் பேட்டையிலேயே, முழுக் கூலியோடும் முழுப் பெயரோடும் மேடை போட்டுக் கொடுங்கள். மீதி எல்லாம் அதிலிருந்து கிளைக்கும்.

முதலில் ஒரு நோட்டு

தேதி, இடம், ஸ்பான்சர் எதையும் இப்போது யோசிக்க வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஏரியாவை நடந்து பாருங்கள். யார் யார் கலைஞர் என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். பந்தல்காரரைக் கேளுங்கள். சவுண்டு சர்வீஸ் கடையில் கேளுங்கள். மேளம், தபேலா பழுது பார்க்கும் கடை இருந்தால் அங்கே அரைமணி உட்காருங்கள்; தோல் மாற்ற யார் வருகிறார்கள் என்று தெரிந்தாலே போதும். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் பையன், டீக்கடைக்குப் பக்கத்தில் பேண்டு செட் போர்டு மாட்டியிருக்கும் வீடு, சாவு வீட்டில் இரவெல்லாம் மரண கானா பாடும் அண்ணன் எல்லோரும் நோட்டில் வர வேண்டும்.

பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் பக்கம் கொசப்பேட்டை இருக்கிறது. கொலு பொம்மையும் பிள்ளையாரும் அங்கிருந்துதான் நகரம் முழுக்கப் போகின்றன. ஃப்ளெக்ஸ் வந்து வேலை போன பேனர் ஓவியர்கள் இன்னும் கடைப் பலகைக்கும் நம்பர் பிளேட்டுக்கும் எழுதிக்கொண்டு இருக்கிறார்கள். மயிலாப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மிருதங்கம் செய்பவர்களின் பட்டறைகள் கிடைக்கும். அதன் நாதத்துக்குத் தலையாட்டும் ரசிகர்களில் எத்தனை பேர் அதைச் செய்தவரின் முகத்தைப் பார்த்திருப்பார்கள்? கோடம்பாக்கம், வடபழனி என்றால் டப்பிங் கலைஞர்கள், ஆர்ட் டைரக்‌ஷனில் வேலை செய்யும் தச்சர்கள், கோரஸ் பாடகர்கள். இவர்களெல்லாம் சேர்ந்ததுதான் இந்த நகரத்தின் கலைத்தொழில்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அச்சில் தன் பெயர் எப்படி வர வேண்டும் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். குரு யார், குழுவில் எத்தனை பேர், வழக்கமான கூலி என்ன, எந்த மாதங்களில் கையில் வேலை இருக்காது என்று கேட்டு எழுதுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கைவினைஞர் என்றால் மத்திய அரசின் கைவினைத் துறை தரும் அடையாள அட்டை. இல்லாதவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். அன்றைக்கு நிகழ்ச்சி நடக்காமலே போனாலும் அந்த ஒரு வேலை மிஞ்சும்.

தேதி

சென்னையில் தேதி குறிக்கப் பஞ்சாங்கமும் வேண்டும், வானிலையும் வேண்டும். ஆடியில் பறை செட்டும் கூத்து ஜமாவும் கோயில் வேலையில் இருக்கும். அந்த வருமானத்தைக் கெடுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி வேண்டவே வேண்டாம், வடகிழக்குப் பருவமழை எந்தப் பந்தலையும் விடாது. மார்கழியில் பத்திரிகைகளின் கண் முழுக்க சபாக்கள் பக்கம் இருக்கும். ஆனால் அந்த மாதத்தில்தான் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ரசிகர்கள் வந்து தங்குகிறார்கள். மாலையில் அவர்களுக்குக் கச்சேரி இருக்கும். காலையில் கொசப்பேட்டைக்கோ வாத்தியப் பட்டறைக்கோ அழைத்துப் போகலாம், வருவார்கள்.

முதல் முறை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய வாரம். 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு இந்த நிலம் கைமாறிய நாளை நகரத்தின் பிறந்தநாளாக வைத்து 2004-இலிருந்து மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறார்கள். அதற்குத் தலைமைக் குழு என்று கட்டுப்படுத்த யாரும் இல்லை; யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவில் ஒரு நிகழ்ச்சி வைத்துப் பட்டியலில் சேரலாம். ஆடியும் முடிந்திருக்கும். அடுத்த நல்ல காலம் தை, மாசி. 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 பொங்கலிலிருந்து மறுபடி நடக்கும் சென்னை சங்கமம் என்ற நாட்டுப்புறக் கலை விழாவுக்காக மாவட்டங்களிலிருந்து குழுக்கள் அப்போது நகரத்தில்தான் இருக்கும்.

ஒருமுறை நடத்திவிட்டு ஓய்ந்துபோகிற விழாவைவிட, சின்னதாக, சொன்ன நாளில் தவறாமல் நடப்பதில்தான் எனக்கு நம்பிக்கை. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். பெரிய பெரிய வித்வான்கள் அந்த வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். விளம்பரமா செய்தார்? வெள்ளிக்கிழமை என்றால் அங்கே வீணை என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்று நீங்கள் முடிவு செய்தால், கூட்டம் குறைந்தாலும் அதை மாற்றாதீர்கள்.

இடமும் அனுமதியும்

மாநகராட்சி விளையாட்டுத் திடல் என்றால் மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம் நன்றாக விலை குறையும். மழை பயமும் இல்லை. காவல் நிலையத்துக்கான கடிதத்தில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர் வருவார்கள், மைக் செட் விவரம், பொறுப்பாளர் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நான் ஒன்பதே காலுக்கு முடிக்கும்படி நிகழ்ச்சி நிரல் போடுவேன். குழந்தைகளும் பெண்களும் நிம்மதியாக வீடு போகலாம், கலைஞர்களுக்கும் பஸ் கிடைக்கும். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத இடத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

பணம்

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், என் தொழிலே அது.

பட்ஜெட் எழுதும்போது பந்தலுக்கு இவ்வளவு, மைக்குக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று வரிசையாக வந்து, கடைசியில் மிச்சம் இருப்பதைக் கலைஞருக்கு எழுதுவதுதான் பல இடங்களில் வழக்கம். பந்தல்காரரிடம் "நம்ம ஊர் நிகழ்ச்சி, பார்த்துச் செய்யுங்க" என்று யாராவது சொல்கிறோமா? கலைஞரிடம் மட்டும் சொல்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதல் வரி கலைஞர் கூலி. இரண்டாவது வரி அவர்கள் வந்துபோகும் வண்டி: டோலக்கும் பறையும் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வர முடியாது. மூன்றாவது அவர்களுடைய சாப்பாடு. அதற்குப் பிறகு பணம் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குப் பந்தல். பணம் போதவில்லை என்றால் பந்தலைச் சுருக்குங்கள், குழுக்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்; வருகிற குழுவின் கூலியில் கை வைக்காதீர்கள்.

பேசியவுடன் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். மீதியைக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி, நிகழ்ச்சி தொடங்கும் முன்பே தயாராக வைத்திருங்கள். மேடையிலிருந்து இறங்கியதும் கைக்குப் போய்விட வேண்டும். "செக் அடுத்த வாரம் வரும்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் இவர்கள். பொன்னாடை வாங்கும் காசையும் அந்தக் கவரிலேயே சேர்த்துவிடுங்கள். எங்கள் மூத்த பறைக் கலைஞர் ஒருவர் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பொன்னாடை இருக்கிறது. அவர் பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதில் ஒன்றும் உதவவில்லை.

வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி பலருக்குத் தெரியாது. நாட்டுப்புற அல்லது செவ்வியல் இசை, நடனம், நாடகம் நிகழ்த்தும் கலைஞருக்கு, ஒரு நிகழ்ச்சிக்கான கட்டணம் 1,50,000 ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி கிடையாது. "பில் இல்லாம எப்படிங்க குடுக்கிறது" என்று ஸ்பான்சர் கம்பெனி இழுத்தடித்தால் இதைச் சொல்லுங்கள். கலைஞர் கையெழுத்திட்ட ரசீது போதும்.

ஸ்பான்சரை முதலில் பக்கத்தில் தேடுங்கள். ஸ்வீட் ஸ்டால், நகைக்கடை, மருந்துக்கடை. காசாகக் கொடுக்க யோசிப்பவர் தண்ணீர் கேனும் டிபனும் தருவார், வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனி என்றால், கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு இருக்கிறது: ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்கள், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கலை, பண்பாடு, மரபுக் கலைகள், கைவினை எல்லாமே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பணத்தை வாங்க, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், சமூகப் பணி நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் உள்ள அறக்கட்டளை வேண்டும். உங்களிடம் அது இல்லையென்றால் பதிவுள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். யாருக்கு என்ன பங்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் முதல் பத்தியில் யுனெஸ்கோவின் 2017 அறிவிப்பைக் குறிப்பிடத் தவறாதீர்கள். அந்தப் பட்டம் கானா பாடகருக்கும் சொந்தம்தான்.

தெரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் வைப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு குழுவின் யுபிஐ குறியீட்டையும் பெரிதாக அச்சடித்து, அவர்கள் மேடையில் இருக்கும் நேரம் முழுக்க மேடை ஓரத்தில் வைக்கிறோம். பணம் எங்கள் கைக்கு வராமல் நேரே அவர்களுக்குப் போகும்.

மேடையில்

பறையையும் நாகஸ்வரத்தையும் வி.ஐ.பி. காரிலிருந்து இறங்கும்போது வாசலில் ஒலிக்க விட்டு, விளக்கேற்றியதும் அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மற்றவர்களுக்கு எவ்வளவு நேரமோ அவர்களுக்கும் அவ்வளவு நேரம், அதே மேடையில், உட்கார்ந்து கேட்கும் கூட்டத்தின் முன்னால் கொடுங்கள்.

2015-இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் மீனவ மக்களோடு சேர்ந்து தொடங்கிய விழாவில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் நடந்தன. பக்கத்துத் தெருவிலேயே இருந்தும் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்கள் அன்று உள்ளே வந்து மணலில் உட்கார்ந்தார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் முறையாக மேடையேறியபோது கானாப் பாடகர்கள் கோட் சூட்டில் நின்றார்கள். சட்டி மேளமும் டோலக்கும் கிதாரோடும் டிரம்ஸோடும் சமமாக ஒலித்தன. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கியவர்களும் அதைக் கச்சேரியாகக் கேட்டார்கள். அதே வழியில் 2020 டிசம்பரிலிருந்து 'மார்கழியில் மக்களிசை' என்ற விழா வந்தது. மேடையின் உயரம், ஒலியின் தரம், உடை, அறிவிப்பு எல்லாம் சேர்ந்துதான் கேட்பவரின் காதைத் தயார் செய்கின்றன என்பதை இந்த நிகழ்ச்சிகளிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

ஒவ்வொரு கலைக்கும் ஒரு தேவை உண்டு, முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பறையைக் காய்ச்ச வேண்டும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தித் தோலைச் சூடேற்ற மேடைக்குப் பின்னால் திறந்த இடமும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வேண்டும். மண்டப மேனேஜரிடம் இதை முன்பே சொல்லாவிட்டால் அன்றைக்குத் தகராறுதான். பறைக்கு மைக் தேவையில்லை. கானாவுக்குச் சட்டிக்குத் தனி மைக் வையுங்கள், இல்லாவிட்டால் டோலக்கு அதை விழுங்கிவிடும். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க மானிட்டர் கட்டாயம். சவுண்டு செக் செய்ய எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு நேரம் கொடுங்கள்.

கூத்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். விடிய விடிய ஆடுகிற கலையைப் பதினைந்து நிமிஷத்தில் ஆடிக் காட்டச் சொல்வது அவமானப்படுத்துவதற்குச் சமம். குறைந்தது ஒன்றரை மணி நேரம் கொடுத்து, எந்தக் கட்டம் என்பதை வாத்தியாரிடம் விட்டுவிடுங்கள். முகம் எழுதுவதற்கே சில மணி நேரம் ஆகும், மதியமே வந்துவிடுவார்கள். நல்ல வெளிச்சம், கண்ணாடி, மின்விசிறி, ஒரு பெஞ்சு, மறைப்பு இவை வேண்டும். முகம் எழுதுவதைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை அனுமதிக்கலாமா என்று வாத்தியாரிடம் கேளுங்கள். சம்மதித்தால் அந்தப் பிள்ளைகள் இரவு முன்வரிசையில் இருப்பார்கள், கூடவே அவர்கள் அம்மாக்களும்.

பேச்சாளர்கள் வேண்டாம். அறிவிப்பாளர் ஒருவர் போதும்: கலைஞர் பெயர், குரு பெயர், இடம், குழுவில் உள்ள ஒவ்வொருவர் பெயர். "மற்றும் குழுவினர்" என்று சொல்ல எவரையும் விடாதீர்கள்.

ஆளைக் கூட்டுவது

வாட்ஸ்அப், ரீல்ஸ் எல்லாம் பிள்ளைகளுக்கே தெரியும், நான் சொல்ல ஒன்றுமில்லை. தெற்கிலிருந்து வடக்கே ஆளை வரவைப்பதுதான் எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது. 2021-இல் மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட பிறகு அது எளிதாகிவிட்டது. அழைப்பிதழில் எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், எந்தக் கடையைப் பார்த்துத் திரும்ப வேண்டும், திரும்பிப் போகக் கடைசி ரயில் எப்போது என்று எழுதுங்கள். ஸ்டேஷன் வாசலில் நம் பிள்ளை ஒருவன் பலகையோடு நிற்கட்டும். பயத்தோடு வருகிறவர்களுக்கு அந்த ஒரு முகம் போதும்.

பேனரைக் கையால் எழுதச் சொல்லுங்கள். 2019-இல் பள்ளிக்கரணையில் சாலையில் வைத்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போன பிறகும் ஃப்ளெக்ஸ் வைத்துத்தான் விழா நடத்த வேண்டுமா? துணியில் நம் பழைய பேனர் ஓவியர் எழுதிய ஒரே ஒரு பேனர், நிகழ்ச்சி நடக்கும் வளாகத்துக்குள் இருக்கட்டும். முந்தின நாள் மாலை மக்கள் பார்க்க அங்கேயே வரையச் சொல்லுங்கள். அதைவிட நல்ல விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. அவருக்கும் கவர் உண்டு, அவர் பெயரும் பேனரின் ஓரத்தில் உண்டு.

பதிவு செய்யும்போது

படம் எடுக்க விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கும் நம் ஏரியாப் பிள்ளைகளையே கூப்பிடுங்கள், அவர்களுக்கும் கூலி கொடுங்கள். கேமராவை ஆன் செய்யும் முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும்: எதற்காகப் பதிவு செய்கிறோம், எங்கே வெளியிடுவோம், அதில் வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் தங்கள் நிகழ்ச்சியின்மேல் உரிமை இருக்கிறது. 2012 திருத்தம் அதை இன்னும் பலப்படுத்தியது. கானா மெட்டுகளும் வரிகளும் பெயரில்லாமல் எங்கெங்கோ போயிருக்கின்றன. ஆகவே தாளைத் தமிழில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். காணொளியை முதலில் கலைஞரின் சொந்தச் சேனலில் ஏற்றுங்கள், சேனல் இல்லாவிட்டால் தொடங்கிக் கொடுங்கள். கீழே விவரத்தில் எல்லார் பெயரும், நிகழ்ச்சிக்கு அழைக்க வேண்டிய எண்ணும் கலைஞர் சம்மதித்தால் இருக்கட்டும்.

பிழைப்புக்கு வழி

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். ஓவியம் விற்கிறதோ இல்லையோ, அடுப்பெரிய ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். அதனால் தங்கள் இஷ்டப்படி வரைய முடிந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியின் ஓரத்திலும் ஒரு மேசை போடுங்கள். பொம்மை, சின்ன ஓவியம், கையால் எழுதிய பெயர்ப்பலகைக்கு ஆர்டர், பறை வகுப்புக்குச் சேர்க்கை. விலைச்சீட்டு எல்லாவற்றிலும் ஒட்டியிருக்க வேண்டும், பேரம் பேச இடம் கொடுக்காதீர்கள். மேசைக்கு வாடகை வாங்காதீர்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றால் மதியத்துக்குள் கணக்கை முடித்துவிடலாம். வரவு, செலவு, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கலைஞர்கள், ஸ்பான்சர், இடம் கொடுத்தவர், காவல் நிலையம் வரைக்கும் அனுப்புங்கள். நன்றிக் கடிதம் தனியாக வேண்டாம், அந்தத் தாளின் கீழேயே இரண்டு வரி எழுதினால் போதும். பிறகு நோட்டை எடுத்து, நிகழ்ச்சியில் வந்து "எங்கப்பாவும் உடுக்கை அடிப்பாருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் வீடுகளுக்குக் கிளம்புங்கள்.